குழியை விடுங்கள், வேலியைப் பாருங்கள்

'அவுட்டர் ரேஞ்ச்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. அந்தக் குழி என்ன, யார் வெட்டியது, உள்ளே விழுந்தால் எந்த வருஷத்துக்குப் போவோம்? கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் இந்தத் தொடரின் உயிர் அந்தக் குழி யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. எழுதியவர்களே அதை மறந்த இடத்தில் தொடர் படுத்துவிட்டது என்பது என் கட்சி. (கதை முழுக்கச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

வயோமிங் மாநிலத்தில் வபாங் என்ற கற்பனை ஊர். ஜோஷ் ப்ரோலின் நடிக்கும் ராயல் அபட்டுக்கு மாட்டுப் பண்ணை, மனைவி செசிலியா, இரண்டு மகன்கள், ஒரு பேத்தி. மூத்தவன் பெர்ரியின் மனைவி காணாமல் போயிருக்கிறாள். இளையவன் ரெட் ரோடியோ என்ற சவாரிப் போட்டிகளில் காளை ஏறுகிறவன். பக்கத்துப் பெரும்பண்ணைக்காரர்கள் டில்லர்சன் குடும்பம், அபட்டுகளின் மேற்கு மேய்ச்சல் நிலம் தங்களுடையது என்று நோட்டீஸ் விடுகிறார்கள். காணாமல் போன மாடுகளைத் தேடிப் போகும் ராயல், அதே மேற்கு நிலத்தில்தான் அந்த வட்டமான கருங்குழியைப் பார்க்கிறான். முதல் எபிசோடிலேயே பெர்ரி கைகலப்பில் டில்லர்சன் மகன் ஒருவனை அடித்துக் கொன்றுவிட, பிணத்தை ராயல் அந்தக் குழியில் தள்ளுகிறான்.

இப்போது முடிச்சைப் பாருங்கள். நில வழக்கில் தோற்றால் குழி எதிராளிக்குப் போகும். ஜெயிக்க வேண்டுமென்றால் சர்வேயரை நிலத்துக்குள் விட வேண்டும். விட்டால் குழி தெரிந்துவிடும். அறிவியல் புனைவையும் பண்ணைக் கதையையும் ஒட்டவைக்க இதைவிடக் கச்சிதமான ஆணி கிடையாது.

இந்த வழக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்பது பண்ணைக் கணக்கு தெரிந்தால்தான் உறைக்கும். அமெரிக்க மேற்கில் நிலம் ஆறு மைல் சதுரமான டவுன்ஷிப்புகளாக அளக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். கேட்க ஜமீன் மாதிரி இருக்கும். ஆனால் வயோமிங்கின் வறண்ட பகுதிகளில் ஒரு பசுவும் கன்றும் வருஷம் முழுக்க மேய 30, 40 ஏக்கர் வேண்டும். அதாவது ஒரு செக்‌ஷனில் இருபது பசு ஓட்டுவதே கஷ்டம். அதனால் பல பண்ணைகள் அரசு நிலத்தில் மேய்ச்சல் அனுமதி வாங்கித்தான் பிழைக்கின்றன. மாநிலத்தில் கிட்டத்தட்ட பாதி நிலம் மத்திய அரசுடையது. ஒரு பசு-கன்று ஜோடி ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர்தான். சல்லிசு. ஆனால் அந்த அனுமதி பண்ணைக்காரரின் சொந்த நிலத்தோடு கட்டப்பட்டது. சொந்த நிலம் கைமாறினால் அனுமதியும் ஆட்டம் காணும். ஒரு துண்டு போனால் ஒரு துண்டு மட்டும் போவதில்லை.

வேலியும் அப்படித்தான். வயோமிங்கில் பத்து வருஷம் பகிரங்கமாக, தொடர்ந்து, உரிமையாளருக்கு எதிராக அனுபவித்தால் அனுபவ பாத்தியதை கோரலாம். ஆனால் வேலி எல்லைக்காகப் போட்டதா, மாடு தாண்டாமல் இருக்க வசதியான இடத்தில் போட்டதா என்று கோர்ட் கேட்கும். பள்ளமும் பாறையும் இருந்தால் கம்பியைச் சுற்றி வளைத்துத்தான் இழுப்பார்கள். தலைமுறை கழித்து, பத்திரத்தில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் இருக்கும். டில்லர்சன்களின் நோட்டீஸுக்கு நம்பகம் வருவது இந்த இடைவெளியில்தான்.

தொடர் கோட்டை விட்ட இடம் ஒன்று உண்டு. குழிக்குள் இருக்கும் கறுப்புத் தாதுதான் கிழவர் வேய்ன் டில்லர்சனின் கண்ணை உறுத்துகிறது. ஆனால் மேற்கில் மேல்மண் ஒருவருக்கு, கீழே உள்ள கனிமம் வேறொருவருக்கு என்பது சர்வ சாதாரணம். 1916-ஆம் வருஷத்துச் சட்டம் கால்நடைக்காக 640 ஏக்கர் வரை இலவசமாகக் கொடுத்தபோதே, கனிமத்தை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. கனிம உரிமைக்காரருக்கு மேல்மண்காரரின் நிலத்தில் இறங்கவும் உரிமை உண்டு. அப்படியானால் இந்த நிலத்தின் அடியில் இருப்பது யாருடையது? வக்கீல் வாயில் ஒரே ஒரு வசனம் வைத்திருந்தால் வில்லனின் வெறிக்கு எலும்பும் சதையும் கிடைத்திருக்கும். யாரும் கேட்கவேயில்லை.

இதற்கு நேர்மாறாக, மிக நுணுக்கமாகச் செய்த ஒன்று ராயலின் பிறப்பு ரகசியம். அவன் 1886-இல் சிறுவன். தெரியாமல் அப்பாவைச் சுட்டுவிட்டு ஓடி, குழியில் விழுந்து 1968-இல் எழுந்தவன். ஏன் 1886? அந்தக் கோடையில் புல் கருகியது. அடுத்து வந்த 1886-87 குளிர்காலத்தில் பனி உறைந்து ஓடுபோல மூட, அதை உடைத்து மேய முடியாமல் மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. எல்லையில்லாத பொது மேய்ச்சலுக்கு அதோடு பெரும்பாலும் முற்றுப்புள்ளி. அதன்பிறகு வைக்கோல் சேர்ப்பதும் வேலி போடுவதும்தான் தொழில் என்றானது. ஆக, வேலியில்லாத காலத்தின் கடைசிப் பையன் முள்கம்பி யுகத்தில் வந்து விழுந்து, வேலிக்காகவே கொலையை மறைக்கிறான். தொடர் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ப்ரோலினின் முகம் போதும் என்று விட்டிருக்கிறார்கள், போதும்தான்.

முதல் சீசன் 2022 ஏப்ரல் 15 முதல் வாரம் இரண்டாக எட்டு எபிசோடு. உருவாக்கியவர் நாடக ஆசிரியரான பிரையன் வாட்கின்ஸ். எபிசோடு பெயர்களே 'நிலம்', 'மண்', 'மேற்கு' என்ற ரீதியில் இருக்கும். இரண்டாம் சீசனுக்கு பொறுப்பு சார்ல்ஸ் மர்ரேயிடம் போனது. 2024 மே 16 அன்று ஏழு எபிசோடும் ஒரே நாளில் வந்தன, ஜூலையில் ரத்து. இரண்டாவதில் பெர்ரி 1984-க்குப் போகிறான். அங்கே இளவயது அப்பா அம்மாவோடு பழகுகிறான். அபட்டுகளின் நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கும் ஆட்டம் (Autumn) என்ற பெண், வளர்ந்துவிட்ட பேத்தி ஏமியேதான் என்பது முதல் சீசன் முடிவிலேயே தெரிந்துவிட்டதால், அவளைச் சுற்றிய மர்மத்தில் காற்று இறங்கிவிட்டது. யார் எந்த வருஷம் என்ற கணக்குதான் மீதி. எல்லை வழக்கு ஓரத்துக்குப் போய்விட்டது. குழிக்குள் யாரும் போகலாம், வரலாம் என்றானபின் அதன்மேல் இருந்த பயமும் போய்விட்டது. மாட்டை எண்ணிப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

விதிவிலக்கு, இரண்டாம் சீசனின் நான்காவது எபிசோடு. பூர்வகுடிப் பெண்ணான ஷெரிஃப் ஜாய் ஹாக் 1880-களில் ஷோஷோனி மக்களிடையே போய்ச் சேர்கிறாள். இந்த மேய்ச்சல் நிலத்துக்கு அபட்டும் டில்லர்சனும் வருவதற்கு முன்பே உரியவர்கள் இருந்தார்கள் என்பதைப் பிரசங்கம் இல்லாமல் காட்டுகிற மணி நேரம் அது. ஜாயாக நடிக்கும் டமரா பொடெம்ஸ்கி அள்ளியிருக்கிறார்.

வயோமிங் என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலும் நியூ மெக்சிகோவில் எடுத்தது, அது ஒரு உபரித் தகவல். பார்க்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: முதல் சீசனை இரண்டு இரண்டாக, வந்த வேகத்திலேயே பாருங்கள். ஒரே மூச்சில் பார்த்தால் நடுவில் தூக்கம் வரும். இரண்டாவதில் அந்த நான்காவதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் புரியும். கடைசி எபிசோடுக்குப் போகாதீர்கள், எதையும் முடிக்காமல்தான் நிற்கும்.