ஸ்பேனர் நுழைய இடமில்லாத பிக்கப் டிரக்குகள்

"இத்தனை வருஷமா அமெரிக்காவுல இருக்கீங்க. இன்னும் ஏன் அந்த 97 மாடல் டாட்ஜோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று போன ஞாயிறு டாலஸில் ஒரு விசேஷ வீட்டில் நண்பர் கேட்டார். கையில் தட்டோடு நின்றுகொண்டு பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1997 டாட்ஜ் ராம் 2500. கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே கொஞ்சம் நிலமும் ஆடுகளும் வைத்திருக்கிறேன். வைக்கோல் உருண்டை கொண்டுவர, டிரெய்லர் இழுக்க இந்த வண்டிதான். பெயரில் பிக்கப் என்று இருப்பதால் நம்ம ஊர் பொலிரோ பிக்கப்பை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். வண்டியும் லோடும் சேர்ந்து 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்கு மேல் தாங்குகிற வகையைத்தான் இங்கே ஹெவி டியூட்டி என்கிறார்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம், செவர்லே சில்வராடோ எச்.டி. என்று மூன்று வீட்டுக்காரர்களின் சண்டை இது. ஷோரூமில் கார்களின் கண்ணாடியில் மைலேஜ் ஒட்டியிருப்பார்களே, இந்த எடைக்கு மேல் போனால் அதைக்கூட ஒட்டத் தேவையில்லை.

1989இல் டாட்ஜ் நிலைமை மோசமாக இருந்தது. அவர்களுடைய பிக்கப்பின் உடல் 1972இல் வந்த வடிவம், விற்பனையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்தப் பழைய உடலுக்குள்தான் கம்மின்ஸின் 6பி.டி. எஞ்சினை இறக்கினார்கள். ட்ராக்டருக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் ஆகட்டும் என்று ஜே.ஐ. கேஸ் என்ற ட்ராக்டர் கம்பெனியோடு சேர்ந்து கம்மின்ஸ் உருவாக்கிய எஞ்சின் அது. வரிசையாக ஆறு சிலிண்டர், கேம் ஷாஃப்ட்டைச் சுற்ற செயினோ பெல்ட்டோ கிடையாது, எல்லாம் கியர். எஞ்சின் மட்டும் ஏறத்தாழ 500 கிலோ. 160 குதிரைத் திறன் என்றால் இன்று சாதாரணக் கார்கூட அதைத் தொட்டுவிடும். ஆனால் இழுவை, அதாவது டார்க், 400 பவுண்டு-அடி, அதுவும் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழேயே கிடைத்துவிடும். மலையேற்றத்தில் லோடோடு போகிறவனுக்கு வேண்டியது அதுதான். மற்ற இரண்டு கம்பெனிகளின் டீசல்களும் அப்போது டர்போ இல்லாமல், பழைய முறையில் டீசலைப் பக்க அறையில் பீய்ச்சிக்கொண்டிருந்தன. கம்மின்ஸோ டர்போவோடு வந்து நேரே சிலிண்டருக்குள் அடித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா சங்ககிரியிலிருந்து வந்திருந்தார். ஊரில் முப்பத்தைந்து வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். வந்த மறுநாள் காலை நான் வண்டியை ஸ்டார்ட் செய்ததும், உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரோடு வெளியே வந்துவிட்டார்.

"ஏண்டா கண்ணு, இது நம்ம கம்மின்ஸ் சத்தமாட்டவே இருக்குதே?"

பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து டீசல் பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அங்கிருந்து நாசில்களுக்குப் போகும் ஆறு குழாய்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். "அதேதான்" என்றார். அவர் சொன்னது சரி. 1993இல் டாட்டாவும் கம்மின்ஸும் கூட்டாகத் தொடங்கி, ஜாம்ஷெட்பூரில் செய்து டாட்டா லாரிகளில் போட்டது இந்த பி வரிசை எஞ்சின்தான். சங்ககிரிக்காரருக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் டெக்சஸில் வேறு யார் இருக்க முடியும்?

இந்த 12 வால்வு எஞ்சினில் 1994 முதல் 98 வரை வந்தது பாஷ் கம்பெனியின் பி7100 பம்ப். முழுக்க மெக்கானிக்கல். ஓடத் தொடங்கிவிட்டால் எஞ்சினுக்குக் கரண்ட் தேவைப்படுவது ஒரே இடத்தில், டீசலை நிறுத்துகிற சாலினாய்டுக்கு. அது செத்தாலும் லீவரைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிட்டு வீடு வந்து சேரலாம்.

குறையே இல்லாத எஞ்சின் என்று நான் சொல்லவில்லை. இதன் டைமிங் கியர் பெட்டிக்குள் சுண்டுவிரல் நுனி பருமனில் ஓர் இரும்பு முள் உண்டு. அசெம்பிளி செய்யும்போது பெட்டியை நேராக உட்காரவைக்கிற டவல் பின், அவ்வளவுதான் அதன் வேலை. வருஷக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்கு நடுவில் விழுந்தால் எஞ்சின் கதை முடிந்தது. இங்கே அதற்கு 'கில்லர் டவல் பின்' என்றே பெயர். ஃபேன், பெல்ட், கிராங்க் புல்லி, முன் கவர் என்று நானும் அப்பாவும் இரண்டு நாள் கராஜில் உட்கார்ந்து கழற்றினோம். எங்கள் வண்டியில் முள் அசையாமல் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அப்பா பஞ்ச் வைத்து நாலு தட்டு தட்டி அதை இன்னும் உள்ளே இறக்கினார். வெளியே வராதபடி மேலே ஒரு சின்னத் தகட்டை வைத்து, பக்கத்து போல்ட்டோடு சேர்த்து முறுக்கினோம். அந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது. பெரிய குறைதான். ஆனால் அது இருக்கும் இடம் தெரியும், அங்கே கை போகும், அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் சாதாரண ஸ்பேனர் செட்டோடு அதைச் சரிசெய்ய முடிந்தது. நண்பருக்கு நான் சொல்ல நினைத்த பதிலில் பாதி இதுதான்.

பிறகு வந்ததைப் பாருங்கள். 1998 நடுவில் 24 வால்வு, கூடவே எலக்ட்ரானிக் பம்ப் வி.பி.44. அதற்கு டீசல்தான் குளிர்ச்சியும் எண்ணெயும். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் செத்தால், பெரிய பம்ப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 2003இல் காமன் ரெயில் வந்தது, அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல். சத்தம் நன்றாகக் குறைந்து, இழுவை கூடியது. நியாயமாகச் சொன்னால் அது நல்ல முன்னேற்றம். 2007 நடுவில் எஞ்சின் 6.7 லிட்டராகி, புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்தது.

ஃபோர்டு கதை வேறு மாதிரி. 1999 மாடலில் சூப்பர் டியூட்டியைச் சாதாரணப் பிக்கப்பான எஃப்-150இலிருந்து பிரித்துத் தனி வண்டியாக்கினார்கள். அதில் நேவிஸ்டார் செய்துகொடுத்த 7.3 பவர் ஸ்ட்ரோக் எஞ்சினை இன்றைக்கும் ஆட்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். 2003இல் வந்த 6.0 பேரைக் கெடுத்தது. ஹெட் கேஸ்கட், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர், ஆயில் கூலர் என்று வரிசையாகத் தகராறு, ஃபோர்டும் நேவிஸ்டாரும் கோர்ட்டுக்கே போனார்கள். அந்த எஞ்சினில் ஹெட்டைக் கழற்றப் பல மெக்கானிக்குகள் கேபினையே சேசிஸிலிருந்து தனியாகத் தூக்கிவிடுவார்கள். ஒரு பட்டறையில் அதை முதல்முதலாகப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. டிரைவர் சீட், ஸ்டியரிங், தரையில் கிடந்த தண்ணீர் பாட்டில் எல்லாமாகச் சேர்ந்து முழு கேபினும் லிஃப்ட்டில் தலைக்கு மேல் நிற்கிறது. கீழே சேசிஸும் எஞ்சினும் அம்மணமாகக் கிடக்கின்றன. பட்டறைக்காரருக்கு அது தினசரி வேலை. லிஃப்ட் இல்லாத விவசாயி என்ன செய்வான்? 2011இல் ஃபோர்டு தானே 6.7 டீசலைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் நிலைமை தேறியது. செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜி.எம். தரப்பில் 2001இல் இசுசுவோடு சேர்ந்து கொண்டுவந்த டியூராமேக்ஸும் நல்ல எஞ்சின். அதோடு எனக்குப் பழக்கம் கம்மி, அதனால் அதிகம் பேசவில்லை.

இதற்கு நடுவே இழுவைப் போட்டி வேறு. 1989இல் 400 பவுண்டு-அடியில் தொடங்கியது, 2019இல் ராம் 1,000 என்று அறிவித்தது. இன்று ராம் 1,075, ஃபோர்டு 1,200. சூப்பர் டியூட்டி 40,000 பவுண்டு வரை இழுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது 18 டன்! தொழிலுக்காக இழுக்கும்போது வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினாலே இங்கே கமர்ஷியல் லைசென்ஸ் கேட்பார்கள். அப்படியானால் இந்த எண்கள் யாருக்காக? எங்கள் பக்கத்தில் கால்நடை, வைக்கோல், தண்ணீர் டேங்க் இழுக்கிற யாருக்கும் அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் தேவைப்படாத மீதிக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

புகை விஷயத்தில் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நான் பழைய புகைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. என் மகளுக்கு வீசிங் உண்டு. காலையில் இந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அவளை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். 2006இல் டீசலில் கந்தகத்தை 500 பி.பி.எம்.இலிருந்து 15க்கு இறக்கியது, வடிகட்டி வைத்தது, பிறகு புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் வந்தது, எல்லாமே வேண்டிய காரியங்கள். (நம்ம ஊரில் பி.எஸ்.6 லாரிக்காரர்கள் ஆட்ப்ளூ என்கிறார்களே, அதைத்தான் இங்கே டெஃப் என்கிறார்கள்.) அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுக் கரும்புகை கக்கிக்கொண்டு போகிற இளவட்டங்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பத்து வருஷத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்குச் சொன்னது. கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. ராம் பிக்கப் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக வந்த வழக்கில், கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை இவ்வளவு பெரிய சிவில் அபராதம் யாருக்கும் விழுந்ததில்லை. நான் நேசிக்கிற எஞ்சினைச் செய்த கம்பெனி. செய்தியைப் படித்த அன்று மனசே சரியில்லை.

என் கோபமெல்லாம் அந்தக் கருவிகளைக் கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கிற விதத்தில்தான். போன ஜூலை, வெயில் நாற்பது டிகிரி. பக்கத்துப் பண்ணைப் பெரியவர், எழுபத்தொரு வயது, பன்னிரண்டு கன்றுகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருக்கிறார். நாலு வருஷத்து வண்டி. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், மூன்றிலும் இது போன்ற ஏற்பாடு உண்டு. புகைக்குழாயில் ஒரு சென்சார் தவறாகக் காட்ட, 'இன்னும் இத்தனை மைலில் வேகம் மணிக்கு 5 மைலாகக் குறைக்கப்படும்' என்று டேஷ்போர்டில் எழுத்து வந்துவிட்டது. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. டீசல் இருக்கிறது, யூரியா இருக்கிறது. மனிதர் ரோட்டோரம் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்தார். டாட்ஜை எடுத்துக்கொண்டு போய், டிரெய்லரை மாற்றி மாட்டி, கன்றுகளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்ற ஒரு கன்றுக்கு அவர் தன் தொப்பியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர் வண்டி சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் கிடந்தது. சென்சாரை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மாற்றியதை வண்டியின் கம்ப்யூட்டரை ஒத்துக்கொள்ள வைக்கும் மென்பொருள் அவரிடமும் இல்லை, ஊர் மெக்கானிக்கிடமும் இல்லை.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியின் பக்கத்தில் நின்றபடியே கையை விட்டுப் பின்னால் லோடு ஏற்றும் தொட்டிக்குள் கிடக்கும் வைக்கோல் கயிற்றை எடுத்துவிடுவேன். பெரியவர் வண்டியில் டயர் மேல் ஏறி நின்றால்தான் எட்டும். 2008இலேயே ஃபோர்டு பின்கதவுக்குள் மடக்குப் படிக்கட்டு வைத்துக் கொடுத்தது. வண்டியைத் தாழ்த்த யாருக்கும் தோன்றவில்லை. முன்பக்கம் இன்னும் மோசம், சில வண்டிகளின் பானெட் விளிம்பு என் நெஞ்சுக்கு வருகிறது. பானெட் 40 அங்குலத்துக்கு மேல் போனால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ சரிவாக இருக்கும் வண்டிகளைவிட, மோதப்பட்ட பாதசாரி சாகும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம் என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் ஆராய்ந்து சொன்னது. பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் இந்த உயரம் எதற்கு? எந்த லோடும் அதைக் கேட்கவில்லை.

புது வண்டிகளின் பிரேக் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். ஏர்பேக், கேமரா, டிரெய்லர் ஆடினால் தானே பிடித்து நிறுத்துவது எல்லாம் உயிர் காக்கிறவை. அவை வேண்டும், சுத்தமான புகையும் வேண்டும். 600 பவுண்டு-அடி இழுவை போதும், அதை 2004 நடுவிலேயே 5.9 கம்மின்ஸ் கொடுத்துவிட்டது. எட்டடித் தொட்டி, கை எட்டும் உயரம், மேனுவல் கியர் (ராம் 2018இல் நிறுத்திய பிறகு அது இந்த வகையில் எவரிடமும் இல்லை), சென்சாரை மாற்றினால் ஊர் மெக்கானிக்கே பதிவு செய்துகொள்ளத் திறந்த மென்பொருள். இப்படி ஒரு வண்டியை இவர்களால் செய்ய முடியாதா என்ன? அந்த டவல் பின்னைப் போலவே புது 6.7க்கும் ஒரு சாபம் இருந்தது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் போல்ட் கருகித் தேய்ந்து, உடைந்து சிலிண்டருக்குள் விழும். 2025 மாடலில் அந்த ஹீட்டரையே எடுத்துவிட்டு, சிலிண்டரையே நேராகச் சூடாக்கும் க்ளோ ப்ளக் வைத்திருக்கிறார்கள். 2007லிருந்து பதினெட்டு வருஷம் ஆனது.

பெரியவர் புது வண்டியை விற்கவில்லை, தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் சந்தைக்குப் போக இரண்டாவதாக ஒரு பழைய வண்டி தேடுகிறார். நேற்று இரண்டு பேரும் ஒரு 1996 ராம் பார்க்கப் போனோம். கதவோரம் துரு, சீட் கிழிந்திருக்கிறது, விலையும் கூடத்தான் சொன்னார்கள். பானெட்டைத் தூக்கியதும் பெரியவர் விற்கிறவரிடம் கேட்ட முதல் கேள்வி, "டவல் பின்னுக்குத் தகடு போட்டாச்சா?"

போடவில்லையாம். சனிக்கிழமை என் கராஜில் போடுகிறோம். அப்பா வீடியோ காலில் இருப்பார்.