கட்டடச் சராசரி அல்ல

அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் (HUD), தன் உதவி பெறும் குடியிருப்பு வளாகங்களை ஆய்வு செய்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். “ஹட் ஆய்வில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி மதிப்பெண் போட்டு, கூட்டிச் சராசரி எடுப்பார்கள்; பத்தில் ஒன்று மோசமானால் பத்து மதிப்பெண் போச்சு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை.

யுபிசிஎஸ் (UPCS) என்ற பழைய ஆய்வு முறையிலேயே நேர் சராசரி கிடையாது. வீடுகள் அதிகமுள்ள கட்டடத்துக்கு எடை அதிகம். அந்த முறையும் 2023-இல் போய், என்ஸ்பையர் (NSPIRE) என்ற புது முறை வந்துவிட்டது. இதில் கட்டடவாரி மதிப்பெண்ணே இல்லை. வளாகம் முழுவதிலும் கண்ட குறைகளுக்கான புள்ளிகளைக் கூட்டி, ஆய்வு செய்த வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, 100-இலிருந்து கழிப்பார்கள்.

புள்ளி, குறை எவ்வளவு ஆபத்தானது, எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. உயிருக்கு ஆபத்தான குறை வீட்டுக்குள் இருந்தால் 60 புள்ளி, வெளிப்புறத்தில் இருந்தால் அதைவிடக் குறைவு. 60 என்றதும் பதற வேண்டாம். 20 வீடுகளைப் பார்த்திருந்தால் இழப்பு 3 மதிப்பெண்தான். அதே குறை, 5 வீடுகள் மட்டும் பார்த்த சின்ன வளாகத்தில் 12 மதிப்பெண்ணைத் தின்றுவிடும். பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான்.

மொத்த மதிப்பெண் 60-க்குக் கீழே போனால் தோல்வி. அப்புறம் இன்னொன்று: வீடுகளுக்குள் உள்ள குறைகளால் மட்டுமே 30 அல்லது அதற்கு மேல் கழிந்தால், மொத்தம் 65 இருந்தாலும் தோல்விதான். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யாவிட்டால் மதிப்பெண் குறையாது, ஆனால் 24 மணி நேரத்தில் சரிசெய்தாக வேண்டும்.