கவர் ஆர்ட்டை கட்டை விரல் அளவுல பாத்துட்டு வந்து பேசுங்க

நம்ம கேம் பண்றவங்க க்ரூப்ல ரெண்டு நாளா ஓடுற பஞ்சாயத்தை எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்ப முழுசா சொல்லல. சொந்தமா கேம் பண்ற தம்பி ஒருத்தன் தன்னோட கேமுக்கு பழைய கவரையும் புதுக் கவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது நல்லாருக்குன்னு கேட்டான். "பழசுதான் ஆர்ட்டு", "புதுசு மொபைல் கேம் மாதிரி லோக்கலா இருக்கு"ன்னு வரிசையா கமெண்ட். கடைசியா ஒரு பெரியவர் வந்து, கவரைப் பாத்து கேம் வாங்குறவன் நமக்கு வேண்டவே வேண்டாம்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார், அதுக்கு அத்தனை ஹார்ட்டு. புதுசை வரைஞ்சது நான். கோவம் வருது, இல்லன்னு சொல்லல. ஆனா வேற யார் வரைஞ்சிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஸ்டீம்ல, அதாவது கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையில, வைக்கிற கவர் சின்ன சைஸ்ல, ஒரு நொடியில, இது என்ன மாதிரி கேம்னு சொல்லணும். அதைச் சொல்லலன்னா அது எவ்வளவு அழகான படமா இருந்தாலும் கவரா தோத்துடுச்சு.

பழைய கவர்ல என்ன இருக்கு? பனி மூட்டமா ஒரு கடல், நடுவுல பொட்டு மாதிரி ஒரு படகு, கீழ மெல்லிசா வெள்ளை எழுத்துல சாய்ச்சு எழுதின பேரு. நல்ல படம், வரைஞ்ச புள்ளைக்கு கை இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கேம் என்ன? சீட்டு வச்சு ஆடுற ரோக்லைக், அதாவது தோத்தா திரும்ப முதல்லேர்ந்து ஆடணும். ஒவ்வொரு ரவுண்டும் கடல் பூதத்தோட மல்லுக்கட்டு. அந்தப் படத்துல சீட்டு எங்க, பூதம் எங்க, சண்டை எங்க? அதைப் பாக்குறவன் அமைதியா நடந்து கதை கேக்குற கேம்னு நினைப்பான். கதை கேக்குற ஆளு உள்ள வந்து சீட்டைப் பாத்துட்டு திரும்பிப் போவான், சீட்டு ஆடுற ஆளு கிளிக்கே பண்ண மாட்டான். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

ஸ்டீம்ல ஸ்மால் கேப்ஸ்யூல்னு, லிஸ்ட்ல வர்ற சின்ன கவர் படம் ஒண்ணு கேப்பாங்க, இப்ப அது 462க்கு 174 பிக்ஸல். நீங்க ஏத்தினதும் அதுலேர்ந்து ஸ்டீமே இன்னும் ரெண்டு சின்ன சைஸ் பண்ணிக்கும், அதுல சின்னது 120க்கு 45. கட்டை விரல் நகத்தை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அந்த சைஸ்லயும் பேரு படிக்கிற மாதிரி இருக்கணும், லோகோ கிட்டத்தட்ட படம் முழுக்க இருக்கட்டும்னு ஸ்டீமை நடத்துற வால்வ் கம்பெனியோட வழிகாட்டியிலேயே எழுதி வச்சிருக்காங்க. பழைய கவரை அந்த சைஸுக்கு சுருக்கிப் பாத்தீங்களா யாராவது? நான் பாத்தேன். சாம்பல் கலர்ல ஒரு பட்டை. படகு இல்ல, பேரு இல்ல. ஸ்டீமோட பேக்ரவுண்டே கருநீலம், அது மேல சாம்பல்நீலத்தை வச்சா அங்க ஒரு கேம் இருக்குன்னே கண்ணு எடுத்துக்காது.

புதுசுல நான் போட்டது சீட்டை விரிச்சுப் பிடிச்ச ஒரு மீனவனோட கை, பின்னாடி வாயைத் திறந்த ஒரு சுறா மூஞ்சி, தடியா மஞ்சள் எழுத்து. கருப்பு வெள்ளையா மாத்திப் பாத்தேன், கை தனியா தெரியுதான்னு. ஸ்டீமோட தேடல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மத்த சீட்டு கேமுங்களுக்கு நடுவுல இதை ஒட்டி, ஃபோன்ல அனுப்பிப் பாத்தேன். மஞ்சளை மட்டும் எத்தனை தடவை மாத்தினேன்னு எனக்கே தெரியாது. இதைத்தான் "லோக்கல்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, காலேஜ் முடிச்ச புதுசுல திண்டுக்கல்ல ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் பண்ணிட்டு இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி பொறந்தநாள் எல்லாம் வரும். வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கோரிக்கை, மாமா மூஞ்சி வரணும், மச்சான் மூஞ்சி வரணும், சித்தப்பா பேரு விட்டுப்போச்சுன்னா சண்டை வரும். கடைக்கார அண்ணன் ஒண்ணும் பேச மாட்டார், சின்னதா ஒரு பிரிண்ட் எடுத்து கடை ஷட்டர்ல ஒட்டிட்டு, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படிச்சுட்டு வாங்கண்ணே"ம்பார். பஸ் ரெண்டு போகும், இவங்க அங்கேர்ந்து கண்ணைச் சுருக்கிப் பாப்பாங்க, திரும்பி வந்து "சரிப்பா, பொண்ணு மாப்பிள்ளை மட்டும் பெருசா போடு"ன்னு சொல்லுவாங்க. ஏழு கேரக்டரையும் கவர்ல வைங்கன்னு யாராவது கேக்குறப்ப எனக்கு அந்த ஷட்டர்தான் ஞாபகம் வரும்.

இப்ப வருவீங்க, "ஐகோ கவர் தெரியுமா, அது ஆர்ட்டு இல்லையா?"ன்னு. தெரியும். 2001ல வந்த பிளேஸ்டேஷன் 2 கேம். ஜப்பான்லயும் ஐரோப்பாவுலயும் வந்த கவரை டைரக்டர் ஃபுமிட்டோ உவேடாவே வரைஞ்சார், இத்தாலி ஓவியர் டி கிரிக்கோவோட சாயல்ல. பெரிய பெரிய கட்டடம், நீளமான நிழல், நடுவுல ஓடுற ரெண்டு குட்டி உருவம். அமெரிக்காவுக்கு மட்டும் வேற கவர் போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதைத் திட்டிட்டு இருக்காங்க. எனக்கும் உவேடா வரைஞ்சதுதான் உயிரு. ஆனா அது கடையில கையில எடுத்துப் பாக்குற டப்பாவுக்கு வரைஞ்சது. திருப்பினா பின்பக்கம் ஸ்க்ரீன்ஷாட் இருக்கும், நாலு வரி எழுதியிருக்கும். அதே படத்தை 120க்கு 45ல போடுங்க, அந்த ரெண்டு உருவமும் தூசி. அவ்வளவு பிடிச்ச படத்தையே ஸ்மால் கேப்ஸ்யூல்ல வைக்க மாட்டேன்னுதான் சொல்றேன், உங்க படகை மட்டும் தனியா வஞ்சம் வச்சு சொல்லல.

"வேம்பயர் சர்வைவர்ஸ் என்ன அழகாவா இருந்துச்சு, ஓடலையா?"ன்னு கேட்டவருக்கு: ஓடுச்சு. அந்த கேம் 2021 டிசம்பர்ல ஏர்லி ஆக்ஸஸ்ல, அதாவது முழுசா முடியுறதுக்கு முன்னாடியே விக்கிற முறையில வந்து, மூணு டாலருக்கும் கம்மி விலையில, யூடியூப்காரங்களும் ஸ்ட்ரீமருங்களும் தூக்கிட்டுப் போய் ஓடுச்சு. உங்களுக்கு அந்த மாதிரி தூக்குற ஆளு வரிசையா நிக்குறாங்கன்னா கவரே வேண்டாம், வெறும் கருப்பு கட்டம் வைங்க. 2024ல மட்டும் ஸ்டீம்ல 18 ஆயிரம் கேமுக்கு மேல வந்திருக்கு. அதுல நம்ம தம்பிய யாரு தூக்கப் போறா?

வெண்பாங்கிற கேமை வேற இழுத்தாங்க. 2024ல பிரிட்டன்ல கொடுக்குற பாஃப்டாவோட அறிமுக கேம் விருது வாங்கினது, நம்ம வீட்டு சமையல வச்சு பண்ணினது, எனக்கும் பெருமைதான். "அது கதையால ஜெயிச்சது"ங்குறாங்க. சரி, கதையாலதான். அந்தக் கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி கண்ணுல படுறது படம்தானே, இதுல என்ன வாதம் இருக்கு?

இன்னொருத்தர் "விருது வாங்கியிருந்தா அந்த லோகோவை ஓரத்துல வைங்க, தானா மரியாதை வரும்"னு யோசனை சொன்னார். 2022 செப்டம்பர் 1லேர்ந்து ஸ்டீம்ல அது கூடாது சார். கேப்ஸ்யூல்ல கேமோட படம், பேரு, சப்டைட்டில், அவ்வளவுதான். விருது, ரிவ்யூ மார்க்கு, தள்ளுபடி எதுவும் எழுதக்கூடாது. யோசனை சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை விதியைப் படிக்கலாம்.

காசு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு நிஜமா வலிச்சது இதுதான். "ஒரு சின்ன படத்துக்கு இவ்ளோவா, ஏஐல போட்டா ரெண்டு நிமிஷம்"னு ஒரு கமெண்ட். கமெண்ட் போட்ட இவரு தன்னோட கேமுக்கு மியூசிக் பண்ணினவருக்கு காசு கொடுத்தார், ஸ்டீமுக்கு 100 டாலர் கட்டினார், வித்ததுல 30 சதவீதம் வெட்டுக்கொடுக்க ஒத்துக்கிட்டார். படம் வரையுறவன் கேட்டா மட்டும் "சின்ன படம்". சின்ன படம்ங்கிறதாலதான் வேலை அதிகம். பெரிய படத்துல தப்பை ஒளிச்சு வைக்க இடம் இருக்கு, இதுல ஒரு விரல் கோணலா இருந்தா கையே கை மாதிரி தெரியாது. ஏஐல பண்றவங்க பண்ணுங்க, ஸ்டோர் பக்கத்துல அதை ஸ்டீமே சொல்லச் சொல்லுது, அதையும் சேர்த்து எழுதிடுங்க. அதுக்கு மேல அந்தப் பேச்சுக்கு நான் வரல.

எல்லாத்தையும் விட ஆத்திரம் எங்கன்னா, கவரை எல்லாரும் கடைசி வாரத்துக்கு தள்றது. மூணு வருஷம் ராத்திரி ராத்திரியா கோட் எழுதுவான், ரிலீஸுக்கு முந்தின வாரம் "அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கவர் கிடைக்குமா"ன்னு மெசேஜ் வரும். விஷ்லிஸ்ட், அதாவது வந்தா வாங்கலாம்னு ஆளுங்க குறிச்சு வைக்கிறது, "கமிங் சூன்"னு ஸ்டீம்ல பக்கம் போட்ட அன்னைக்கே ஆரம்பிச்சிடுது, அன்னைக்கே அங்க கவர் நிக்கணும். முதல் நாள் வந்து பாத்துட்டுப் போனவனை திரும்பக் கூட்டிட்டு வர்றது லேசுப்பட்ட வேலை இல்ல. தம்பி அந்த விஷயத்துல கெட்டிக்காரன், பக்கம் போடுறதுக்கு முன்னாடியே வந்து கேட்டான். அப்படி முறையா செய்யுறவனைப் புடிச்சுத்தான் இத்தனை பேரும் சேர்ந்து குழப்பி விட்டிருக்கீங்க.

நேத்து ராத்திரி போன் பண்ணி "பழசையே வச்சுடவாண்ணே"ன்னு கேட்டான். குரலே இறங்கிப் போயிருந்துச்சு. வேண்டாம்டா, புதுசை வையின்னு சொல்லிட்டேன், வைக்கிறான். பழைய படத்தை லைப்ரரி ஹீரோவுக்கு எடுத்துக்கலாம்னும் சொன்னேன், அது 3840க்கு 1240, வாங்கினவன் லைப்ரரியில கேமைத் திறந்தா மேல அகலமா வர்ற படம், அந்தப் பனியும் படகும் அங்க அவ்வளவு பொருந்தும். வரைஞ்ச புள்ளைகிட்டயும் பேசியாச்சு, அதுக்கும் சம்மதம்.

பேசணும்னா கமெண்ட்ல வாங்க, ஆனா ரெண்டு கவரையும் 120க்கு 45ல சுருக்கி, பக்கத்துல வச்சு, படத்தோட வாங்க. "எனக்குப் புடிக்கல"ன்னு மட்டும் எழுதுறவங்களுக்கு இந்தத் தடவை பதில் போட மாட்டேன்.