ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் என் பட்டன் போனும்

நான்கு நாட்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலூரில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பாதிப்பேர் அறிவீர்கள். நேரில் இருந்தவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். என் கைப்பேசியின் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருக்கிறீர்கள். ரப்பர் பேண்டு போட்ட அந்தப் பட்டன் போனைப் படமெடுத்து, ‘கோட்டை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியது’ என்று எழுதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நான் இல்லாத குழுவில் என் கைப்பேசி மட்டும் உறுப்பினராகிவிட்டதை நினைத்தால் எனக்கே சிரிப்புத்தான் வருகிறது. அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

படத்தை விட என்னைச் சுட்டது, அதற்குச் சற்று முன் செயலாளர் சொன்ன ஒரு வாக்கியம். காவிரிக் கூட்டுக் குடிநீர் விடும் நேரம் மாறியதைப் பிள்ளையார் கோயில் முனையிலுள்ள கரும்பலகையில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அந்த வியாழக்கிழமை தண்ணீர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து ஐந்தரைக்கெல்லாம் நின்றுவிட்டது. நாங்கள் வழக்கம்போல் ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து காற்றைப் பிடித்தோம். அதற்கு அவர், “குரூப்புல போட்டாச்சு சார். ஒருத்தருக்காகப் போர்டுல எழுதிட்டிருக்க முடியுமா?” என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், “இன்னா சார், ஒரு நல்ல போன் வாங்கிடக் கூடாதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வாங்கலாம். வாங்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்மார்ட்போன் வாங்குவதா வேண்டாமா என்பது என் வீட்டுக் கணக்கு. தண்ணீர் வரும் நேரத்தை எல்லா வீட்டுக்கும் தெரிவிப்பது சங்கத்தின் வேலை. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள் என்பதைத் தவிர நான் கேட்டது ஒன்றுமில்லை. ‘ஒருத்தருக்காக’ என்று அவர் சொன்னது கணக்கு வாத்தியார் காதில் சரியாக விழவில்லை என்பதால், திங்களும் செவ்வாயும் எங்கள் இரண்டு தெருக்களிலும் நடந்து எண்ணிப் பார்த்தேன். 64 வீடுகளில், என் வீட்டையும் சேர்த்து 9 வீடுகளில், வீட்டோடு இருப்பவர்கள் கையில் ஸ்மார்ட்போன் இல்லை. இஸ்திரி போடுபவர் வீடு, பீடி சுற்றும் அம்மாவின் வீடு, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர்களின் வீடுகள் அவற்றில் அடக்கம். என்னைத் தவிர மற்ற எட்டு வீட்டாரும் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த அறிவிப்பும் குழுவில்தான் போடப்பட்டிருந்தது.

வாங்குவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ற மாதம் அண்ணா சாலையில் ஒரு கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். 13,499 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார். அதில் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2,059 ரூபாய். அந்தப் போன் மூன்று வருடம் உழைத்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்ச் சொச்சம், ஒரு டீயின் விலை. ஆகவே நான் கஞ்சன் என்று கருத்துப் பெட்டியில் எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். ஓய்வூதியம் எனக்குப் போதுமானதாகவே வருகிறது.

நான் அவரிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். பாதுகாப்பு அப்டேட், அதாவது போனின் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள், எத்தனை ஆண்டுகள் வரும்? பேட்டரி தளர்ந்தால் நானே கழற்றி மாற்ற முடியுமா? இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் போன் வாங்குவது, நீரூற்று பார்க்காமல் கிணறு வெட்டுவது போன்றது. விலை உயர்ந்த சில போன்களுக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாக 2023இல் கூகுளும் அடுத்த ஆண்டில் சாம்சங்கும் அறிவித்தன. அவற்றின் விலையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுவிடலாம். பதின்மூன்றாயிரம் ரூபாய் போனுக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டால், “அதெல்லாம் வரும் சார்” என்றார். பேட்டரியைப் பற்றிக் கேட்டதற்கு, “இப்ப யாரு சார் பேட்டரி கழட்டுறாங்க?” என்றார். காட்டிய போனின் பேட்டரி 5,000 மில்லிஆம்பியர்-மணி; என்னுடையது 800. ஆறு மடங்குக்கும் மேல் பெரியதான அது ஒரு நாள் வருகிறது, என் சிறியது ஐந்து நாள் வருகிறது. திரையும் இணையமும் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது எது என்று கேட்க எனக்கும் ஆசை இருக்காதா?

அந்த ரப்பர் பேண்டு போட்ட போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012இல் 1,150 ரூபாய்க்கு வாங்கிய நோக்கியா. என்னிடம் படித்த ஒரு பெண் அப்போது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், “இதெல்லாம் எங்க லைன்ல போற போன் சார், தைரியமா வாங்குங்க” என்றாள். அவள் சொல்லை நம்பி வாங்கினேன். 2006இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அவள் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பித் தையல் கடை வைத்தாள். தொழிற்சாலை போய்விட்டது, போன் ஓடுகிறது. அதன் பின்மூடி மட்டும் சரியாகப் பொருந்தாததால் ரப்பர் பேண்டு. இதைத்தான் நீங்கள் படமெடுத்தீர்கள்.

சரி, ‘கைப்பேசியை இவ்வளவு குறை சொல்பவர் முகநூலில் மட்டும் எப்படி எழுதுகிறார்’ என்று கேட்பீர்கள். கேட்டும்விட்டார்கள், நேற்று ஒருவர் உள்பெட்டியில் இதையே ஏதோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியுடன் எழுதியிருந்தார். ஐயா, நான் இணையத்துக்கு எதிரியென்று எங்கே சொன்னேன்? பெங்களூருக்குப் போகும்போது மகன் விட்டுச்சென்ற மேசைக் கணினியில், இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பத்தரைக்கு எழுந்துவிடுகிறேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் முகநூல் என் பின்னால் வருவதில்லை. சட்டைப்பையில் அது இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசிய ஏழு நிமிடமும் முன்வரிசையில் மூன்று பேர் குனிந்த தலை நிமிரவில்லை. கணினியில் வாட்ஸ்அப் திறக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மகனும் முயன்று பார்த்தான். கணக்குத் தொடங்குவதற்கே முதலில் ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும் என்றது.

பணம் கட்டுவது எப்படி என்பார்கள். சங்கத்தின் மாதச் சந்தா நூறு ரூபாயை நோட்டாக நீட்டினால் பொருளாளர் கையை இழுத்துக்கொள்கிறார். “ஸ்கேன் பண்ணிடுங்க சார், கணக்கு எழுத வேணாம் பாருங்க” என்கிறார். ரூபாய் நோட்டு சட்டப்படி செல்லும் பணம் என்பது 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆம் பிரிவு. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்புவதற்காக 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ‘யுபிஐ 123பே’ என்ற ஏற்பாட்டையும் தொடங்கி வைத்தது. நாட்டின் தலைமை வங்கிக்கு இருக்கும் பொறுமை எங்கள் இரண்டு தெருச் சங்கத்துக்கு இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்த்ததால் ஊருக்கே 2016இல் ‘ஸ்மார்ட்’ பட்டம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை போலும்.

வயதானவர்கள் ஏமாந்துவிடுவார்கள் என்று எனக்காகப் பரிந்து பேசுபவர்களுக்கு நன்றி. ஏமாற்றுபவர்களுக்குப் பட்டன் போனும் ஒன்றுதான். ‘மும்பை போலீஸ்’ என்று ஒருவன் எனக்கும் பேசினான். அடுப்பில் சோறு பொங்குகிறது, இறக்கிவிட்டு வருகிறேன் என்று போனை மேசையில் வைத்தேன், அவனே வைத்துவிட்டான்.

என் மனைவியின் வாதம் வேறு. பேத்தி நடக்கத் தொடங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினித் திரையில் மட்டும் பார்க்கும் பேத்தியை, கீரை ஆய்ந்துகொண்டே தினமும் பார்க்க வேண்டும் என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கடைக்குப் போனதே இதற்காகத்தான். சங்கம் சிரித்ததற்காக வாங்கினேன் என்று ஆகிவிடக் கூடாதே என்ற வீம்பில்தான் இப்போது தள்ளிப்போகிறது என்றால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் மனைவிக்குச் சேர வேண்டியதை உங்கள் சிரிப்பு தள்ளிப்போட்டிருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசினேன். தண்ணீர் இல்லாவிட்டால் லாரியில் வாங்கிக்கொள்ளலாம். கூட்டத்தில் நான் எழுந்து நின்றது தண்ணீருக்காக மட்டும் அன்று என்பது அங்கிருந்த சிலருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

நம் போஸ்ட்மாஸ்டர் இறந்து மூன்று வாரமாகிறது. பதினோரு வருடமாக அவரும் நானும் காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழி ஓரம் சந்தித்து நடப்பவர்கள். மகளைப் பார்க்க ஆரணிக்குப் போனவர், வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். புதன்கிழமை இரவு பத்து மணிக்கு அங்கேயே மாரடைப்பு. பத்தே முக்காலுக்குக் குழுவில் செய்தி வந்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆரணியிலேயே எடுப்பதாக அதில் இருந்ததாம். எங்கள் தெருவிலிருந்து ஒரு வேனும் இரண்டு கார்களும் போயின. நான் அந்த நேரத்தில் அகழி ஓரக் கட்டையில் உட்கார்ந்து, அவருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, பேருந்து தாமதமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதியம் மூன்று மணிக்கு வேனிலிருந்து இறங்கியவர்கள், “நீங்க ஏன் சார் வரல?” என்று என்னையே கேட்டார்கள்.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். என் எண் அத்தனை பேரிடமும் இருந்தது. 2004இலிருந்து அந்த எண் மாறவே இல்லை. அழைத்தால் அடிக்கும் போன்தான். அணைக்கட்டுப் பக்கம் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்த காலத்தில், துக்கத் தந்தி கையில் இருந்தால் அதைக் கொடுக்காமல் வீட்டுக்குச் சாப்பிடப் போனதில்லை என்று அவர் சொல்வார். இரவு சைக்கிளில் டைனமோ வெளிச்சத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அவருடைய செய்தி, நான்கு வீடு தள்ளியிருக்கும் எனக்கு வரவில்லை.

‘ஸ்மார்ட்போன் இருந்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்று இப்போது உங்களில் ஒருவர் எழுதுவீர்கள். ஆமாம், தெரிந்திருக்கும். மூன்று வாரமாக அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஒரு டீ விலையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் நண்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை என்பதை எந்தப் பின்னூட்டத்தையும் விட மோசமான சொற்களில் நான் எனக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் கேட்கிறேன்: பத்து வீடு தள்ளி இருப்பவர் ஒருமுறை கதவைத் தட்டுவதற்கும், ஒரு எண்ணை அழுத்துவதற்கும் குறுக்கே நின்றது என் பட்டன் போனா? பதினாறாம் நாள் காரியத்துக்கு மட்டும் எனக்கு அழைப்பு வந்தது. அவர் மனைவி தம் கையால் அஞ்சலட்டை எழுதியிருந்தார்.

படம் போட்ட தம்பி நேற்று மாலை வீட்டுக்கு வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க சார், சும்மா வெளாட்டுக்கு” என்றார். காபி குடித்துவிட்டுப் போனார். அவர்மேல் கோபமில்லை. நல்ல மாடல் எதுவென்று கேட்டேன்; மூன்று பெயர்கள் சொல்லியிருக்கிறார், குறித்து வைத்திருக்கிறேன். அப்டேட் எத்தனை ஆண்டு என்பதற்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை. மாதக் கடைசியில் மகன் வருகிறான்; அவனோடும் மனைவியோடும் கடைக்குப் போய் முடிவெடுப்போம், எடுக்காமலும் வருவோம்.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும், மீதி எட்டு வீடுகள் இருக்கின்றன. லாங்கு பஜாரில் சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்கி வந்துவிட்டேன். பழைய பலகையைத் துடைத்துக் கறுப்பு வண்ணமும் அடித்தாயிற்று. செயலாளர் இனி ஒன்றும் எழுத வேண்டாம். தண்ணீரோ கூட்டமோ துக்கமோ, எதுவாக இருந்தாலும் ஒருமுறை என் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் நான் போய் எழுதிவிடுகிறேன். இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை. அந்த முனையில் தெருவிளக்கு எரிவதில்லைதான். என் போனில் டார்ச் இருக்கிறது.