மேல்நிலைத் தொட்டி சேமிப்பு ஆகாது

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடியை நெருங்கும் ஆண்டுகளில்கூட, கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சிறு நகரங்களின் தெருக்குழாய்களில் குடங்கள் வரிசையில் கிடப்பதைப் பார்க்கிறோம். அணை இன்று எத்தனை அடி என்பது டீக்கடையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுநீரை நமக்கு இறைத்து அனுப்பும் லோயர்கேம்ப்பில் இறைப்பது நின்றுபோனால் நம் ஊர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. நகராட்சியிடமும் இருக்காது என்பது என் சந்தேகம்.

25,000 பேர் வாழும் ஓர் ஊரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு சொன்ன அளவு. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும் என்றது அது. கூடுதல் அளவையே வைத்தாலும் நாளொன்றுக்கு 33.75 லட்சம் லிட்டர், அதாவது நொடிக்கு ஒன்றரை கன அடிக்கும் குறைவு. ஆண்டு முழுவதற்கும் சேர்த்தால் ஒரு டி.எம்.சி.யில் (நூறு கோடி கன அடியில்) இருபதில் ஒரு பங்குகூட வராது. 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாசன நீர் ஓடும் ஆற்றில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, நம் தட்டுப்பாடு அளவைப் பற்றியது அல்ல, தொடர்ச்சியைப் பற்றியது. அணை 104 அடிக்குக் கீழே இறங்கினால், அணைநீரை நம் பக்கம் கொண்டுவரும் சுரங்கத்தின் வழியே தண்ணீர் வராது. சுரங்கப் பராமரிப்புக்காக மதகை அடைத்தாலும், மோட்டார் எரிந்தாலும், சாலையை அகலப்படுத்துகிறவர்கள் பிரதானக் குழாயை உடைத்தாலும் விளைவு ஒன்றுதான்.

இதற்கு நம் ஊர்களில் கண்டுபிடிக்கப்படும் தீர்வு, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மேல்நிலைத் தொட்டி. பத்து லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி மேற்படி ஊருக்கு எட்டு மணி நேரம்கூட வராது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்போது அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. அந்த வேலைக்கு அது தேவைதான். ஆனால் அதைச் சேமிப்பு என்று சொல்வது, சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை வங்கிக் கணக்கு என்று சொல்வதைப் போன்றது.

ஊர் சேமிக்கத் தவறியதை வீடுகள் சேமிக்கின்றன. சம்ப் கட்டி, குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர் வீட்டில் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. அதே தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் நான்கு பிளாஸ்டிக் குடமும் ஒரு டிரம்மும்தான். அந்த வீட்டுப் பெண் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விடுகிறார். வால்வு திறக்கும் ஊழியர் எட்டு மணிக்கு வருகிறார். அந்தக் குடங்களை யார் நிரப்புவது? இந்தக் கேள்வி எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

சுத்திகரிப்பதற்கு முந்தைய ஆற்றுநீரைத் தேக்கிவைக்க ஊருக்கென்று ஒரு குளம் வேண்டும் என்பதே என் கருத்து. முப்பது நாள் தேவைக்குச் சுமார் 1,01,000 கன மீட்டர் வேண்டும். ஐந்து மீட்டர் ஆழமாக வெட்டினால் நீர்ப்பரப்பு ஐந்து ஏக்கர். கோடையில் மாதத்துக்கு இருபது சென்டிமீட்டர் ஆவியானாலும் போவது ஏறக்குறைய ஒன்றேகால் நாள் தண்ணீர். அதே நீரைக் கண்மாய்போல ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பரப்பி வைத்தால் பதினாறு ஏக்கருக்கு மேல் வேண்டும், நான்கு நாள் தண்ணீர் வெயிலுக்குப் போய்விடும். இருக்கிற கண்மாயைத் தூர்வாரி அதிலேயே தேக்கலாமே என்கிறவர்களுக்கு இது ஒரு பதில். இன்னொரு பதில், அந்தக் கண்மாயில் அதன் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு உரிமை இருக்கிறது. ஊர்க்காரர்கள் குடிக்க அவர்கள் நெல்லைக் காயப்போடுவது நியாயமாகாது.

முப்பது நாள் போதுமா என்பதை யூகத்தால் முடிவுசெய்யக் கூடாது. 1883-லேயே ரிப்பிள் என்ற பொறியாளர் இதற்கு எளிய வழி காட்டினார்: மாதந்தோறும் வரும் நீரை ஒரு பக்கமும் செலவாகும் நீரை மறுபக்கமும் கூட்டிக்கொண்டே போய், இரண்டுக்கும் இடையில் விழும் மிகப் பெரிய பள்ளத்தை நிரப்பும் அளவுக்குத் தேக்கம் அமைக்க வேண்டும். இதற்குச் சராசரி ஆண்டின் கணக்கு உதவாது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதே, அப்படிப்பட்ட காலத்தின் கணக்கு வேண்டும். சபரிமலைப் பருவத்தில் இவ்வழியே போகும் பக்தர் கூட்டத்தையும், குழாய்க் கசிவையும் செலவுப் பக்கத்தில் மறக்காமல் எழுத வேண்டும்.

ஐந்து ஏக்கர் நிலம், கசியாத தரை, பாசி படியாமல் பராமரிக்க ஆள், இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பது உண்மை. அடுத்த குடிநீர்த் திட்டம் நகர்மன்றத்தின் முன் வரும்போது, தொட்டி எத்தனை என்பதோடு நின்றுவிடாமல், வறட்சி ஆண்டின் மாதவாரிக் கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நம் வார்டு உறுப்பினர்கள் கேட்கட்டும். அந்தப் பக்கம் இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்பட்டும்.