ஓரம் தெரிகிறது என்று சிரிப்பதற்கு முன்

நேற்று ஒரு டிரெய்லர் வந்தது. நாயகனுக்கு வயதான வேடம். கமெண்ட்டில் பாதிப் பேர் "மூஞ்சியில ரப்பர் ஒட்டியிருக்கு" என்று சிரித்திருந்தார்கள். ஒட்டியது தெரிகிறது, உண்மைதான். ஆனால் திட்டு முழுக்க மேக்கப்காரர் தலையில் விழுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஒன்பது வருடமாக ப்ராஸ்தெடிக் வேலையில், அதாவது செயற்கைத் தோலை ஒட்டி நடிகரின் முகத்தை மாற்றுகிற வேலையில், இருக்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலை, நடிகரின் முகத்தை அச்செடுப்பது. பல் டாக்டர் அளவெடுக்கிற அதே ஆல்ஜினேட் பவுடர்தான். தண்ணீரில் குழைத்து, மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டர் துணியைச் சுற்றுவோம். தொழில் கற்க வந்த புதிதில் எனக்கே எடுத்தார்கள். கண்ணையும் வாயையும் திறக்க முடியாது. என் மூச்சு மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்கிறது. மாஸ்டர் என் கையைப் பிடித்தபடியே நின்று, "முடியலன்னா கட்டைவிரலைத் தூக்கு தம்பி" என்றார். அந்தக் கையை இன்னும் மறக்கவில்லை.

அந்த அச்சில் வார்த்தெடுத்த முகத்தின் மேல் க்ளேயில் சுருக்கங்களைச் செதுக்கி, மோல்டு எடுத்து, சிலிக்கான் ஊற்றுவோம். இதில் உயிர் ஓரத்தில்தான் இருக்கிறது. கன்னத்தில் கனமாக இருக்கும் துண்டு, விளிம்புக்கு வரும்போது பூண்டுத் தோல் மாதிரி மெலிய வேண்டும். அப்போதுதான் அதைத் தோலோடு கரைத்து மறைக்க முடியும். சாயங்காலம் கழற்றும்போது அந்த மெல்லிய ஓரம் கிழிந்துவிடும். அதனால் ஒரு துண்டு ஒரு நாளைக்குத்தான். முப்பது நாள் ஷூட்டிங் என்றால் முப்பது செட் வேண்டும். "நேத்து ஒட்டினதையே இன்னைக்கும் ஒட்டுங்களேன்" என்பவர்களிடம் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறோம்.

அப்புறம் நம் ஊர் வெயில். சிலிக்கான் வியர்வையை உறிஞ்சாது. அடியிலேயே தேங்கி, முதலில் வாயோரத்தைத் தூக்கிவிடும். ஒரு படத்துக்கு எங்களைக் கூப்பிட்டபோது ஷூட்டிங்குக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. டெஸ்ட் ஷூட் கிடையாது. உச்சி வெயிலில் தாடைக்குக் கீழே ஓரம் விட்டுவிட்டது. கால் மணி நேரம் கேட்டேன், தரவில்லை. அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. இன்றுவரை என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

1993இல் வந்த ஜுராசிக் பார்க்கில், மழையில் வருகிற பெரிய டைனோசரை ஸ்டான் வின்ஸ்டன் குழு நிஜமாகவே செய்து, ஹைட்ராலிக்கில் இயக்கியது. அதன் நுரை ரப்பர் தோல் மழைநீரைக் குடித்துக் கனத்துப்போய், உடம்பே நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஷாட்டுக்கு ஷாட் துண்டால் துடைத்துக் காயவைத்தார்கள். அது காய்கிறவரை படப்பிடிப்பு காத்திருந்தது. எனக்கு ஏக்கமெல்லாம் அந்தக் காத்திருப்பின் மேல்தான்.

இந்தத் துறையைக் கடைசியில் நினைப்பது எங்கும் உள்ள பழக்கம். 1980இல் வந்த தி எலிஃபன்ட் மேன் படத்தின் மேக்கப்புக்கு ஆஸ்கரில் மரியாதை இல்லை என்று எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தனிப் பிரிவே வந்தது. 1982 விழாவில் ரிக் பேக்கர் முதல் விருதை வாங்கினார். நம் தேசிய விருதில் 2006ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் மேக்கப்புக்கு இடம். இந்தியனும் அவ்வை சண்முகியும் வந்த 1996இல் அப்படி ஒரு பிரிவே கிடையாது.

இயக்குநர்களே, கதை முடிவானதுமே எங்களைக் கூப்பிடுங்கள். வெயிலில் ஒரு நாள் டெஸ்ட் ஷூட் கொடுங்கள்.

இப்போது ஒருவர் கொடுத்திருக்கிறார். போன வாரம் மொட்டை மாடியில் மதியம் நடிகரை உட்காரவைத்துப் பார்த்தோம். மூன்றாவது மணி நேரத்தில் வாயோரம் தூக்கியது. சரி என்று மறுபடி க்ளேயில் கை வைத்திருக்கிறோம். ஷூட்டிங்குக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.