ஏரிக்கரைக்குப் பூட்டு போட்டால் வெயில் குறைந்துவிடுமா?

எங்கள் ஊர் ஏரிக்கரைக்குக் கேட் போட்டுப் பூட்டி, நடக்க வருபவர்களையும் ஆட வரும் பையன்களையும் உள்ளே விடாத விஷயம் எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. மறுபடி நீட்டி விவரிக்கவில்லை. "காலநிலைக்காக மரம் நட்ட இடம், உள்ளே வராதீர்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்லது. நட்ட கன்றுகளை யாராவது எட்டிப் பார்த்தீர்களா? பாதி காய்ந்துவிட்டது. நடும்போது கிழித்துப் போட்ட கறுப்புப் பைகள் கரையிலேயே கிடக்கின்றன. ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூடிய ஆட்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம்.

2022-ல் அரசு மரம் வளர்க்கப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியபோது இதே பக்கத்தில் பாராட்டி எழுதியவன் நான். அதன் இலக்கான 33 சதவீதப் பசுமைப் பரப்பு வேண்டும்தான். ஆனால் தினமும் நடக்கிறவன்தான் ஏரியைக் காப்பான். பலகை காக்காது.

2024 டிசம்பர் மழையை மறந்துவிட்டீர்களா? கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அதற்கு முன்பே எங்கள் ஏரியின் கலங்கல் (நிரம்பிய நீர் வழிந்து போகும் இடம்) அடைத்திருப்பதைப் பார்த்தது எந்த அதிகாரியும் இல்லை, காலையில் நடக்க வரும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டது கிரிக்கெட் ஆடும் பையன்கள். அதே பையன்களைத்தான் போன வாரம் விரட்டினார்கள்.

"ஜனங்களை விட்டால் ஒகேனக்கல் மாதிரி குப்பை ஆகிவிடும்" என்று உடனே ஒருவர் வருவார். சரி, குப்பை உண்மை. பாட்டிலும் உண்மை. குடிக்கிறவன் இருட்டியதும் வேலி தாண்டி வருகிறான். கேட் போட்டபிறகு பாட்டில் குறையவில்லை, நாங்கள்தான் குறைந்தோம்.

"காவிரி தெற்கு சரணாலயத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறதே" என்கிறார் இன்னொருவர். ஐயா, அது 686 சதுர கிலோமீட்டர் யானைக் காடு. அங்கே கட்டுப்பாடு வேண்டும், நானே சொல்கிறேன். இது ஊர் ஏரி. இங்கே யானையா வருகிறது?

அப்பா இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி எனக்கு நீச்சல் பழக்கிய ஏரி இது. அங்கே நின்று, என் வயதில் பாதி இருக்கும் ஒரு தம்பி, "உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்கிறார். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

"ஏசி ஜிம்முக்குப் போங்க சார்" என்று போன பதிவில் ஒருவர் அறிவுரை சொன்னார். பிரமாதம். மர நிழலைப் பூட்டிவிட்டு ஏசியில் ஓடினால் பூமி குளிர்ந்துவிடும்! பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானத்தில் ஆட வேண்டும், இல்லாதவன் வீட்டில் செல்போன் பார்க்க வேண்டும். அப்புறம் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இயற்கை மேல் அக்கறை இல்லை" என்று மேடை போட்டுப் பேசலாம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். கேட் திறக்கும் நேரத்தை எழுதிப் போடுங்கள், கன்றுகளை எங்களிடம் விடுங்கள், இவ்வளவுதான் கேட்கிறோம். லைக் போட்டவர்கள் கையெழுத்துப் போடவும் வாருங்கள்.